டேங்கில் மை இருக்கிறது, பிரிண்டர் ஓடவில்லை: ரீசெட்டா, பஞ்சு மாற்றமா, புதுசா?

நவம்பர் முதல் வாரம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருவில் பிரிண்டர் இருக்கும் வீடு எங்களுடையதுதான். மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதால் வினாத்தாள் எடுக்க வாங்கியது. அந்த வாரம் மட்டும் அது தெருவுக்கே பொதுச்சொத்தாகிவிடும். சிட்டா, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் என்று காலையிலேயே திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அன்று எதிர்வீட்டுப் பெரியப்பாவின் பாஸ்புக்கைக் கண்ணாடிமேல் வைத்து மூடிப் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் மினுக்கின. பேப்பர் நகரவில்லை. கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தால், மை உறிஞ்சும் பஞ்சின் ஆயுள் முடிந்தது, சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று ஓர் அறிவிப்பு.

"டேங்க்ல மை நெறைய இருக்கே தம்பி, அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?" என்றார் பெரியப்பா.

"வாய்க்கால்ல தண்ணி இருக்கு பெரியப்பா. வடிகால் ரொம்பிடுச்சுன்னு மதகை மூடிட்டான்."

"ரொம்பிடுச்சான்னு யாரு இறங்கிப் பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. விஷயமே அதுதான்.

இங்க்ஜெட் பிரிண்டரின் தலையில் முடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கும். அவை காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, பிரிண்டர் அவ்வப்போது கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியேற்றும். நாம் ஹெட் கிளீனிங் கொடுக்கும்போது மட்டும் இது நடப்பதாக நினைக்க வேண்டாம். ஆன் செய்யும்போதும், பல நாள் சும்மா கிடந்துவிட்டு எழும்போதும் தானாகவே செய்துகொள்ளும். அந்த மை பேப்பருக்குப் போகாது. ஓரத்தில் இருக்கும் சின்னப் பம்பு அதை ஒரு குழாய் வழியாக, அடியிலோ பின்பக்கத்திலோ அடுக்கியிருக்கும் தடித்த பஞ்சுக்கு அனுப்பிவிடும். வீட்டில் வைக்கும் பெரும்பாலான மாடல்களில் அந்தப் பஞ்சு நனைந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இவ்வளவு மை போயிருக்கும் என்று ஒரு மதிப்பீட்டைக் கூட்டிக்கொண்டே போய், மின்சாரம் நின்றாலும் அழியாத சின்ன நினைவகச் சில்லில் எழுதி வைக்கும். அதுதான் கவுண்டர். எண் வரம்பைத் தொட்டதும் பிரிண்டர் நின்றுவிடும்.

எங்கள் பக்கம் பக்கத்து வயல்காரரின் போர்த் தண்ணீரை மணிக்கணக்கில் விலைக்கு வாங்குவோம். எத்தனை லிட்டர் பாய்ந்தது என்று யாரும் அளப்பதில்லை. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதே கணக்கு. பிரிண்டர் கணக்கும் அதே ஜாதி. மையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் பஞ்சுக்குப் போனதில் ஒரு பங்கு காய்ந்து ஆவியாகிவிடும். ஆகவே கவுண்டர் 100 சதவீதம் என்று சொல்லும்போது பஞ்சில் இன்னும் கொஞ்சம் இடம் மீதி இருக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை. அந்த மீதி எவ்வளவு என்பது பஞ்சைப் பார்த்தால்தான் தெரியும்.

எப்சனின் சிறிய திரை உள்ள மாடல்களில் இந்தப் பஞ்சு அறிவிப்பு இ-11 என்று வரும். திரை இல்லாத எல்3110 போன்றவற்றில் பேப்பர் விளக்கும் இங்க் விளக்கும் மாறி மாறி எரியும். கேனனில் முதலில் 1700 என்ற எச்சரிக்கை, அப்புறம் 5பி00. எச்சரிக்கைக் கட்டத்திலேயே முழித்துக்கொள்கிறவர் புத்திசாலி. நான் அந்த வகை இல்லை.

சரி, நின்றுவிட்டது. இப்போது என்ன செய்வது? அன்று நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: பஜாரில் ஒரு மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். அரை மணி நேரத்தில் லேப்டாப்போடு வந்தார். யுஎஸ்பி ஒயரைச் செருகினார், ஒரு புரோகிராமைத் திறந்தார், இரண்டு கட்டத்தில் டிக் போட்டார். ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். பிரிண்டர் பழையபடி ஓடியது. 500 ரூபாய். "பஞ்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் தாங்கும் சார்" என்றார். பெரியப்பாவின் நகல் வந்துவிட்டது, திண்ணை காலியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். சுவர் காய்ந்த அன்று பிரிண்டரைப் பழைய இடத்தில் வைக்கலாம் என்று நானும் மகனும் தூக்கினோம். ஸ்டூலுக்கு மேலே ஏற்றும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. பின்பக்கத்திலிருந்து கறுப்பும் நீலமும் கலந்த ஒரு கோடு, புதுச் சுண்ணாம்பில் கூரையிலிருந்து ஒழுகும் மழைத்தண்ணீர் மாதிரி இறங்கியது. கீழே இருந்த வினாத்தாள் கட்டும் போச்சு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் கறையின்மேல் இப்போது தினசரிக் காலண்டர் தொங்குகிறது.

அதனால், பஞ்சைத் தொடாமல் கவுண்டரை மட்டும் பூஜ்யமாக்கும் வெறும் ரீசெட்டைப் பற்றி என் கருத்து இது: அவசரத்துக்கு நல்லது, வழக்கத்துக்கு ஆகாது. கையில் முக்கியமான வேலை இருக்கிறது, நாளைக்குள் ஐம்பது பக்கம் வேண்டும் என்றால் ரீசெட் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது வாங்கித் தருவது சில வாரத் தவணைதான், அந்த வாரங்களுக்குள் பஞ்சைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் பிரிண்டரை நிறுத்துவதில் வியாபாரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2017-இல் பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு பிரிண்டர் நிறுவனங்கள்மேல் கொடுத்த புகாரில் இந்தப் பஞ்சு விவகாரமும் இருந்தது. இருந்தாலும் வழிகிற மை மேஜைக்கு மட்டும் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பவர் சப்ளை பக்கம் போனாலும் போகும். அந்தப் பயம் நியாயமானதுதான்.

ரீசெட்டுக்கு எந்த மென்பொருள் என்பதிலும் தேர்வு இருக்கிறது. மெக்கானிக்குகள் கையில் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வீஸ் புரோகிராம், எப்படியோ வெளியே கசிந்தது. எப்சனுக்கு அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம், கேனனுக்கு சர்வீஸ் டூல். கேனனில் பவர், ஸ்டாப் பொத்தான்களை ஒரு கணக்கில் அழுத்திப் பிரிண்டரை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் அது வேலை செய்யும். எத்தனை அழுத்தல் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இவற்றை இணையத்தில் தேடி இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்று எழுதியிருக்கும் எதையும், நீங்கள் பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் ஓட்டாதீர்கள். 500 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்ப் பாஸ்வேர்டைக் கொடுத்த கதையாகிவிடும். அப்படி ஓட்டியே ஆக வேண்டும் என்றால் எதுவும் இல்லாத ஒரு பழைய லேப்டாப்பில் ஓட்டுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் வழி விக் ரீசெட் என்ற கருவி. கவுண்டர் எத்தனை சதவீதம் என்று படித்துப் பார்ப்பது இலவசம். பூஜ்யமாக்கத்தான் சாவி எண் வாங்க வேண்டும், ஒரு சாவி ஒரு தடவைக்கு. பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எப்சனுக்கு ரீஇங்க்பை போன்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. மூலநிரல் திறந்தே கிடப்பதால் என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் மாடல் எண் அச்சாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நினைவகத்தில் தப்பான இடத்தில் எழுதிவிட்டால் பிரிண்டர் வேறு விதமாகக் கோளாறு செய்யத் தொடங்கும். எழுதுவதற்கு முன் இருக்கும் மதிப்புகளைப் படித்துச் சேமித்து வைப்பது நல்லது. வட அமெரிக்க வீட்டு வாடிக்கையாளர்களுக்கு எப்சனே ஒரு தடவை மட்டும் வேலை செய்யும் இலவச ரீசெட் கருவியைக் கொடுத்திருக்கிறது என்பது இங்கே கொஞ்சம் வயிற்றெரிச்சலான தகவல்.

சுவர் கறையான பிறகு நான் தேர்ந்தெடுத்தது பஞ்சை நானே எடுத்துப் பார்ப்பது. இந்த வழி உங்களுக்குச் சரிப்படுமா என்பதை உங்கள் மாடல்தான் தீர்மானிக்கும். எப்சன் எல்3110, எல்3150 வகையில் பின்பக்கம் ஒரே ஒரு திருகுதான். கழற்றினால் பஞ்சு இருக்கும் பெட்டி கையோடு வந்துவிடும். கேனன் ஜி2010, ஜி3010 போன்றவற்றில் பஞ்சு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே இருக்கும் ஸ்கேனர், உறை எல்லாம் கழற்றினால்தான் கை எட்டும். முதல் வகை வைத்திருப்பவர் தயங்கவே வேண்டாம். இரண்டாம் வகைக்காரர் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த அனுபவம் இல்லாவிட்டால் கை வைக்க வேண்டாம், திருப்பிப் பூட்டும்போது இரண்டு திருகு மிச்சம் வரும்.

கழுவுவது சுலபம், ஆனால் அசிங்கம். கையுறை இல்லாமல் தொட்டால் ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டில் யாரும் உங்கள் கையைப் பார்க்க மாட்டார்கள். பஞ்சு துண்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிழிய வேண்டும், நான்கைந்து தடவையாவது. அந்தத் தண்ணீரைக் கொல்லையில் வாழைக்கோ, கிணற்றடியிலோ, வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நான் மரத்தூள் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் ஊற்றி வெயிலில் காயவிட்டுக் குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுத்தேன். பஞ்சு காய்வதுதான் பொறுமையைச் சோதிக்கும். தை வெயிலில் எனக்கு மூன்று நாள் ஆனது. அடைமழைக் காலமாக இருந்தால் வாரம் தாண்டும். ஈரத்தோடு வைத்தால் கழுவிய பலன் இல்லை, ஏற்கெனவே பாதி நிரம்பிய பஞ்சுதானே அது.

அதனால் அடுத்த தடவை கழுவவில்லை, புதுப் பஞ்சே வாங்கினேன். மாடலுக்குப் பொருந்துகிற பஞ்சுத் தொகுப்பு இணையக் கடைகளில் கிடைக்கிறது, நான் கொடுத்தது 300 ரூபாய்க்குள். பழையதை அளவெடுத்துத் தடித்த கம்பளிப் பஞ்சை வெட்டி வைத்தாலும் சரிதான். மெடிக்கல் கடைப் பஞ்சை அமுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குழாய் வாயிலேயே கட்டிப்பட்டு, மை உள்ளே பரவாமல் மேலே நிற்கும். நாப்கின் வைப்பவர்களும் உண்டு. அதிலிருக்கும் ஜெல் வீங்கி இடத்தை அடைக்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பஞ்சை மாற்றிய பிறகுதான் கவுண்டரைப் பூஜ்யமாக்க வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. பஞ்சை மாற்றாமல் கவுண்டரை இறக்கினால் என் சுவர். கவுண்டரை இறக்காமல் பஞ்சை மட்டும் மாற்றினால் பிரிண்டர் அசையாது, அதற்குத்தான் கண் கிடையாதே.

கவுண்டரிலும் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். முக்கியப் பஞ்சுக்கு ஒன்று, ஓரம் விடாமல் போட்டோ எடுக்கும்போது பேப்பருக்கு வெளியே தெறிக்கிற மையைப் பிடிக்கும் பஞ்சுக்கு இன்னொன்று. வெறும் வினாத்தாள் எடுக்கிற வீட்டில் இரண்டாவது ஏறுவதே இல்லை.

இன்னொரு வழி ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்களுடையது. பஞ்சுக்குப் போகும் குழாயைப் பிடுங்கி, ஒட்டுக் குழாய் போட்டு, வெளியே ஒரு பாட்டிலுக்கு விட்டுவிடுவார்கள். சலைன் டியூபே போதும். மை எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், நிரம்பினால் பாட்டிலை மாற்றினால் போதும், பஞ்சுத் தொல்லை அத்தோடு முடிந்தது. தினம் நூறு போட்டோ எடுப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பாட்டில் பிரிண்டரைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், மூடியில் காற்றுப் போக ஓட்டை வேண்டும், குழாய் எங்கேயும் மடியக் கூடாது. எங்கள் வீட்டில் டியூஷனுக்குப் பதினைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்கிறார்கள். மேஜைக்குக் கீழே மை பாட்டில் வைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

வாரண்டிக்குள் இந்த அறிவிப்பு வந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், நேரே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர். வாரண்டி முடிந்திருந்தால் யோசிக்க வேண்டும். எனக்கு அது தஞ்சாவூர். வடுவூர் வழியாகப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல், மடியில் பிரிண்டர். மை டேங்க் பிரிண்டரைச் சாய்க்காமல் பஸ்ஸில் கொண்டுபோவது நிறைகுடத்தைத் தலையில் வைத்துக் கும்மியடிப்பது மாதிரி. போக ஒரு நாள், வாங்க ஒரு நாள். ஆனாலும் கம்பெனிப் பஞ்சு, கம்பெனி ரீசெட், கையில் பில். கேனன் ஜி2010 மாதிரி அடியில் பஞ்சு இருக்கும் வகைக்கு, காரில் போகிற வசதி இருந்தால் நான் இதையே சொல்வேன். கிளம்புவதற்கு முன் போனில் பஞ்சு கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஊர் மெக்கானிக் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது என் தப்பு. "ரீசெட் எவ்வளவு?" என்று கேட்டால் அவர் ரீசெட் செய்துவிட்டுப் போவார். "பஞ்சு மாத்தி ரீசெட் பண்ண எவ்வளவு? பழைய பஞ்சை என் கையில குடுத்துடணும்" என்று கேளுங்கள். தொகை கூடும், கூடட்டும். பழைய பஞ்சைக் கேட்கிற ஆளிடம் யாரும் சும்மா டிக் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

புதுசு வாங்குவது எப்போது நியாயம்? தலையும் பழுதாகி, கோடு கோடாக விழுந்து, கூடவே பஞ்சும் நிரம்பியிருந்தால். பஞ்சுக்காக மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் செலவழிப்பது, சைக்கிள் பஞ்சரானதற்காக மோட்டார் சைக்கிள் வாங்குவது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பஞ்சுப் பெட்டியை நாமே கழற்றி மாற்றும்படி இருக்கும் மாடலாகப் பாருங்கள். எப்சன் எல்6170, எல்6190 வகைக்கு டி04டி1 என்ற மெயின்டனன்ஸ் பாக்ஸ், கேனன் ஜி2020, ஜி3020 வகைக்கு எம்சி-ஜி02 என்ற கேட்ரிட்ஜ். பழையதை எடுத்துப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. மென்பொருள், மெக்கானிக், சுவர் எதுவும் நடுவில் வராது. கடைக்காரர் வைஃபை பற்றி அரை மணி நேரம் பேசுவார், இதை நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார். பழைய பிரிண்டரைப் பேரீச்சம்பழக்காரரிடம் போடாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பில் உற்பத்தியாளருக்கும் பங்கு உண்டு.

என் மச்சான் நீடாமங்கலத்தில் இருக்கிறார். "இந்த இங்க் சனியனே வேணாம் மாமா, லேசர் வாங்கிடுங்க" என்றார். சிட்டாவும் வினாத்தாளும் கறுப்பு வெள்ளைதானே என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். லேசரில் மை காயாது, மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும். ஆனால் டோனர் என்ற மைத்தூளைப் பேப்பரில் உருக்கி ஒட்டும் சூடான உருளை சில விநாடிகளுக்கு இஸ்திரிப் பெட்டி அளவு கரண்ட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிடும். இங்க்ஜெட் ஓடுவதற்கு ஒரு சின்ன பல்புக்கான கரண்ட் போதும். புயல் சீசனில் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், காப்பீட்டுக்குக் கடைசி நாளில், எனக்கு இன்வெர்ட்டரில் ஓடும் பிரிண்டர்தான் வேண்டும். கரண்ட் தொல்லை இல்லாத இடத்தில் இருந்து, கலரே தேவைப்படாதவர் என்றால் மச்சான் சொல்வதைக் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும், பஞ்சு சீக்கிரம் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான். பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். அதன் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இல்லையென்றால் திறந்தபடி காய்ந்து, அடுத்த முறை ஆன் ஆகும்போது மையை வாரி இறைக்கும். எழுத்து மங்கலானால் முதலில் எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் நாஸில் செக் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், பிறகு கிளீனிங். மூன்று தடவை செய்தும் சரியாகவில்லை என்றால் நான்காவது தடவை அழுத்தாமல் பன்னிரண்டு மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். ஊறிய பிறகு அடைத்த துளைகள் திறக்க வாய்ப்பு உண்டு. பவர் கிளீனிங் கடைசி ஆயுதம், ஒரே அழுத்தில் ஏராளமாகக் குடித்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபின், எங்கள் பழைய பிரிண்டரை உயிர்ப்பிக்கிறேன் என்று ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு கிளீனிங் கொடுத்தேன். அதன் பஞ்சு வாழ்நாளில் பாதியை அன்றைக்கே நான் தின்றிருப்பேன்.

இப்போது பிரிண்டர் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பஞ்சு மாற்றிய தேதியையும் அன்றைய பக்கக் கணக்கையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஒற்றைத் திருகைக் கழற்றி, பஞ்சின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்ப்பேன். போன வாரம் பார்த்தபோது குழாய் வாய்ப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது. மாற்றுப் பஞ்சு ஒரு செட் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.